தீவனத்தில் மூலிகை

உண்ட உணவே உடலாகிறது என்பது மனிதருக்கு மட்டும் உரிய விதி அன்று. பசும்புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு பெரும்பாலும் இளமஞ்சளாகத் தோன்றும். தானியம் தின்று வளர்ந்த மாட்டின் கொழுப்போ வெண்மையாக இருக்கும். புல்லிலுள்ள கரோட்டீன் என்னும் நிறப்பொருளே இதற்குக் காரணம். அங்ஙனமாயின், தீவனத்தில் மூலிகையைக் கலந்தால் மாட்டிறைச்சியின் தரம் உயருமா?

இவ்வினா எழுந்த வரலாறு அறியத்தக்கது. 1950ஆம் ஆண்டையொட்டி, தீவனத்தில் சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சேர்த்தால் கால்நடைகள் விரைந்து வளரும் என அமெரிக்காவில் கண்டனர். அவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால், குறைந்த அளவு மருந்துக்குப் பழகும் கிருமிகள் அதனை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் தம் நோபெல் பரிசு உரையிலேயே இவ்வபாயத்தை எடுத்துரைத்தார். வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதை சுவீடன் 1986இல் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றிலும் விலக்கியது. அதன்பின் ஆராய்ச்சியாளரின் நாட்டம் மூலிகைகளின்பால் மிகுந்தது. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், பூண்டு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் எண்ணெய்கள் யாவும் சோதனைக்கு வந்தன.

இறைச்சியின் தரம் என்பது யாது? நிறம், மென்மை, சுவை, கெடாதிருக்கும் காலம் ஆகியவையே. இறைச்சியிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் காற்றுப்பட்டுச் செந்நிறம் பெறுகிறது. நாள் செல்லச் செல்ல ஆக்சிஜனேற்றத்தால் பழுப்பாகிறது. கொழுப்பும் அவ்வாறே கெட்டுச் சிக்குவாடை அடிக்கிறது. இம்மாற்றத்தைத் தாமதப்படுத்தும் பொருள்களுள் நன்கு மெய்ப்பிக்கப்பட்டது வைட்டமின் ஈ. பசும்புல்லில் அது இயல்பாகவே மிகுந்துள்ளது. தானியத்தீவனம் தின்னும் மாட்டுக்குச் சில மாதங்கள் அதனைச் சேர்த்தளித்தால், இறைச்சியின் செந்நிறம் கூடுதல் நாள் நிலைக்கிறது.

ரோஸ்மேரி என்னும் செடியின் சாற்றை இறைச்சியில் நேரே கலந்தால், அதுவும் கொழுப்பு கெடுவதைத் தாமதப்படுத்தும். ஆயினும் மாட்டுக்கு ஊட்டும்போது நிலைமை வேறு. மாட்டின் வயிறு நான்கு அறைகளையுடையது. ரூமென் என்னும் முதல் அறையில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தீவனம் முதலில் அவற்றுக்கே இரை. மூலிகைச் சத்துகள் பலவும் அங்கேயே மாறிவிடக்கூடும். அளவு மிகுந்தால், வைக்கோலைச் செரிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அவை ஒடுக்கும். ஆதலின் சோதனைக்குச் சோதனை முடிவுகள் வேறுபடுகின்றன.

நான் கணக்குத் திருத்திய காலத்தில், விடை சரியாயினும் வழி எங்கே என்று கேட்பதுண்டு. இங்கும் அவ்வாறே கேளுங்கள். ஒரே இனமும் வயதும் உடைய மாடுகளை இரு பிரிவாக்கினரா? ஒரு பிரிவுக்கு மட்டும் மூலிகை அளித்து, மற்றவை யாவற்றையும் சமமாக வைத்தனரா? எத்தனை மாடுகள்? எவ்வளவு மூலிகை? சுவைத்தவர், எப்பிரிவின் இறைச்சி என அறியாமலே சுவைத்தனரா? இவற்றுக்கு விடை இல்லையேல், அங்கே இருப்பது விளம்பரமே, அறிவியல் அன்று.

ஊமத்தையும் இயற்கை தந்த செடிதான். அதனால் அது நஞ்சாகாமல் இருப்பதில்லை. மூலிகை என்ற பெயர் கேட்டு மயங்கவும் வேண்டா, இகழவும் வேண்டா. அளந்து பார்த்து ஏற்பதே கற்றவர்க்கு அழகு.