எலி பிடிக்க நாங்கள் கொடுக்கும் விலை

(ரிஷிவந்தியத்தில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழங்குடி என்றதும் எல்லோரும் கல்வராயன் மலையைத்தான் கை காட்டுகிறார்கள். மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கீழே, ரிஷிவந்தியம், திருக்கோவிலூர் பக்கம் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கிற இருளர்கள் நாங்கள். எங்களுக்கு வயல்தான் காடு. ஆனால் அந்தக் காட்டில் ஒவ்வொரு சென்டும் வேறொருவர் பட்டா.

அறுப்பு முடிந்த வயலில் வளை பார்த்து, பானையில் வைக்கோல் புகை மூட்டி, கடப்பாரையால் தோண்டி எலி பிடிப்போம். எலி கறிக்கு, வளைக்குள் அது சேர்த்து வைத்த நெல் கஞ்சிக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைத் தொடக் கூடாது, உடும்பைத் தொடக் கூடாது. எலிக்கு அந்தத் தடை இல்லை. எங்களைத் தடுப்பது சட்டமல்ல, வரப்பு.

அந்த வரப்பைத் தாண்ட என் அப்பா பணம் கொடுத்ததில்லை. துண்டை இடுப்பில் கட்டினார். தன்னைவிட இளையவரைச் 'சாமி' என்றார். கூப்பிட்ட நாளில் கூலி பேசாமல் விறகு பிளந்தார். எலியிடமிருந்து நெல்லைக் காப்பாற்றியவர் அவர், கடன்பட்டவரும் அவரே!

இன்று அந்த விலை ஏறிவிட்டது. வயல்கள் மனைப்பிரிவாகிக் கம்பி வேலி போட்டுக் கிடக்கின்றன. மிச்சமுள்ள வயலில் எலி மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியை நாங்கள் தின்ன முடியாது. மீறி உள்ளே போனால், மோட்டார் ஒயர் காணாமல் போன அன்று எங்கள் குடிசைக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். அந்தச் சந்தேகம் எதுவரை போகும்? 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே, திருட்டு விசாரணை என்று வந்த காவலர்கள் மீது நான்கு இருளர் பெண்கள் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் 1671இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற தகுதி இல்லாதவர் வேட்டையாடக் கூடாது. 1831 வரை அதுதான் நடந்தது. அங்கே சட்டம் செய்ததை இங்கே சாதி எழுதாமலே செய்கிறது.

நமக்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது வனநிலத்துக்கு. பட்டா வயலை நம்பி வாழும் பழங்குடிக்கு அதில் இடமில்லை.

ஆகவே 'வயலுக்குள் விடுங்கள்' என்று நான் கேட்க வரவில்லை. யாரிடமும் கேட்டு நிற்காத வாழ்க்கை வேண்டும் என்கிறேன். எலி பிடிப்பது தேர்ந்த வேலை. வேளாண் துறையும் ஊராட்சியும் அதற்குக் கூலி கொடுக்கட்டும். வீட்டுமனைப் பட்டாவோடு நிறுத்தாமல் விளைநிலம் கொடுக்கட்டும். எங்கள் பிள்ளைகள் எலி பிடிப்பதா, வேறு வேலைக்குப் போவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

உங்களில் சிலர் வீட்டில் நிலம் இருக்கும். எலி பிடிக்க வருகிறவரை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், என்ன கூலி கொடுக்கிறார்கள்? இன்று இரவே கேளுங்கள்.

ஜெய்பீம்!