உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்கு யார் வீட்டுக் காசு?

(கூமாப்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நெல்லும் தென்னையும் விளையுற ஊர்ல வந்து உருளைக்கிழங்கு பேசுறாங்களேன்னு நினைக்காதீங்க. நம்ம சூட்டுக்கு அது சரிப்படாது, வாஸ்தவம்தான். ஆனா கிழங்கு வாங்காத வீடு உண்டா? சிப்ஸ் போட்டு விற்கிற குழுக்களும் இருக்கு.

சிப்ஸ் போடுறவங்களுக்கு இது தெரியும். அதே எண்ணெய், அதே அடுப்பு. ஒரு மூட்டை பொன்னிறமா வரும், அடுத்த மூட்டை கருத்துக் கசக்கும். தீயைக் குறைச்சாலும் சரியாகாது. கிழங்கை 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எண்ணெயில் கருத்துப்போவது அந்தச் சர்க்கரையால்தான். அப்படிப்பட்ட மூட்டையை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் வைத்தால் ஓரளவு தேறும். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறும். பச்சை ஏறின கிழங்கு உடம்புக்கு ஆகாது, ஒதுக்கிடுங்க. சிப்ஸுக்கென்றே சர்க்கரை குறைவான குஃப்ரி சிப்சோனா ரகங்களை 1998-ல் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது.

சரி, இதையெல்லாம் கண்டுபிடிக்கிறவங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதுக்கு ஊட்டிக் கதையைக் கேளுங்க.

1961-ல் ஊட்டியில் உருளைச் செடியின் வேரில், கடுகை விடச் சின்னதா மஞ்சள் மணிகள் ஒட்டியிருப்பதை ஜோன்ஸ் என்ற நிபுணர் கண்டுபிடித்தார். தங்க நூற்புழு என்று பெயர். பேர்ல மட்டும்தான் தங்கம்! ஒரு மணிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். நிலத்தைத் தரிசாப் போட்டாலும் 20 வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். உருளை நட்டு, அதன் வேர்ச்சாறு பட்டதும் பொரிந்து வந்து வேரைத் துளைக்கும். 1971-ல் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. விதைக்கு விற்று வந்தவங்க பிழைப்பு என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

ஊட்டிப் பக்கம் முத்தோரையில் 1957 முதலே சிம்லா நிலையத்தின் கிளை இருந்தது. தென் அமெரிக்க மலைகளில் விளையும் உருளை வகைகளில் இந்தப் புழுவைத் தாங்கும் குணம் உண்டு. அதை நம்ம ரகத்தில் சேர்த்து, வருஷா வருஷம் நட்டு, கழித்து, பொறுக்கி எடுத்தார்கள். 1985-ல் குஃப்ரி சுவர்ணா வந்தது. அதன் வேரில் புழு நுழைந்தாலும் பெருக முடியாது. பின்னால் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ரகங்களும் வந்தன.

புழுவைப் பார்த்ததிலிருந்து ரகம் வரும்வரை 24 வருஷம். எந்தக் கம்பெனி இத்தனை நாள் காத்திருக்கும்? அதுவும் விவசாயி தன் கிழங்கையே அடுத்த போகத்துக்கு விதையா எடுத்து வைக்கிற பயிருக்கு! அதனால்தான் அரசுப் பணம் தேவைப்படுது. மத்திய அரசு கொடுக்கிற பணம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வழியாகப் போகுது. நாம சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும்போது கட்டுற வரியும் அதுல இருக்கு.

இங்கிலாந்தில் வேற ஏற்பாடு இருந்தது. உருளை போடுறவங்க நிலத்தின் அளவுக்குத் தகுந்தபடி ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. நம்ம குழுச் சந்தா மாதிரி, ஆனா கட்டாயம். கட்டின காசுக்குப் பலன் கண்ணுல தெரியலைன்னு பலருக்கும் மனக்குறை. 2021-ல் ஓட்டுப் போட்டு, பெரும்பாலோர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கிழங்கைக் கெடாம வைக்கிறது எப்படின்னு ஆராய்ந்த சட்டன் பிரிட்ஜ் நிலையமும் அந்த வருஷமே மூடப்பட்டது. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்குச் சொல்லாத குழுவில் யார் சந்தா கட்டுவாங்க? ஆனா மூடின நிலையத்தை மறுபடி திறக்கிறது லேசு இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எஸ்.வி.பி.ஆர். என்ற பருத்தி ரகங்களின் பேர் நம்ம ஊர் பேர்தான். அருப்புக்கோட்டையில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. அதன் ஆலோசனைக் குழுவில் விவசாயப் பெண்களுக்கும் இடம் உண்டு. 'அட்மா' திட்டத்தில் குறைந்தது 30 சதவீத நிதி பெண்களுக்குப் போகணும்னு விதி. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. இப்படி நம்ம மரத்துக்கு எதுவும் வந்தா, மருந்துக்கடைக்காரர் சொல்றதை மட்டும் கேட்டுட்டு வராதீங்க. குழுவில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்பு மூலமா அந்த நிலையத்துக்கு அனுப்புங்க.

மாதிரி கொண்டு போகும்போது இலையை ஈரத்தோட பாலிதீன் பையில் அடைக்க வேண்டாம், அழுகிடும். காகிதத்தில் சுற்றுங்க. எந்த நிலம், எத்தனை நாள் பயிர், என்ன மருந்து அடிச்சோம்னு துண்டுச் சீட்டில் எழுதி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்க.