அம்மை கண்ட வீட்டில்



லயத்தில் ஒரு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. உள்ளே அம்மை கண்டிருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற அறிவிப்புப் பலகை அது. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வாசலுக்கு உள்ளே இருப்பவரின் பாடு என்ன? அதைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

சின்னம்மை ஒருவகை வைரஸ் கிருமியால் வருவது. கொப்புளம் தோன்றுவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பே பரவத் தொடங்கும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். ஆகவே நாம் வேப்பிலை கட்டும்போதே மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றியிருக்கலாம். அது தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். யார் வீட்டிலிருந்து வந்தது என்று சண்டை பிடித்துப் பயனில்லை.

"இருப்பதே இரண்டு அறை, தனி அறைக்கு எங்கே போவது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு மூலையும் திறந்த சன்னலும் போதும். முன்பே அம்மை கண்டவர், பாட்டியாக இருந்தாலும் சரி, அவரே பக்கத்திலிருந்து கவனிக்கட்டும். அம்மை காணாத கர்ப்பிணியும் பிறந்த குழந்தையும் நெருங்கவே கூடாது. தெரியாமல் நெருங்கியிருந்தால் அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள். நாள் தாழ்ந்தால் தடுப்பு மருந்துக்குக் காலம் கடந்துவிடும்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திடலில் பந்து சத்தம் கேட்கும்போது, பாயில் கிடக்கிற பிள்ளைக்கு அரிப்பைவிட அழுகை பெரிதாகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள். கூட்டாளிகள் சன்னலுக்கு வெளியே தள்ளி நின்று பேசிவிட்டுப் போகட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வேப்பிலையால் வருடுவதை நாம் தடுக்கவில்லை. சொறிவதைவிட அது மேல். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

நாம் அதிகம் கவலைப்படுவது கொங்சியில் தனியே தங்கியிருக்கும் வாலிபரைப் பற்றித்தான். வயது வந்தவரை இந்நோய் கடுமையாகத் தாக்கும். கஞ்சியை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு நடந்துவிட்டால் போதுமா? உள்ளிருந்து பதில் வரும்வரை நில்லுங்கள். தண்ணீர் குடித்தாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று காலையும் மாலையும் கேளுங்கள். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, பேச்சுத் தடுமாற்றம், கழுத்து விறைப்பு, இவற்றில் எது கண்டாலும் ஆஸ்பத்திரிதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போனால் ஆத்தா கோபிப்பாள் என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக எந்தத் தாயும் கோபிக்கமாட்டாள்.

பெரியவர்களுக்கு முதல் நாளே மருந்து தொடங்கினால் பலன் அதிகம். கிளினிக்குக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள். எம்.சி. வாங்க மறவாதீர்கள். சம்பளம் போகுமே என்று கொப்புளத்தைச் சட்டைக்குள் மறைத்துப் பெரட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. மலேசிய வேலைச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. 5 ஆண்டுக்கு மேல் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பிள்ளையை மறுபடி பள்ளிக்கு அனுப்புமுன் முதுகையும் தலைமுடிக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். காயாத கொப்புளம் அங்கே ஒளிந்திருக்கலாம்.