மங்கு கவிழ்ந்து கிடந்தால்…
(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். ஆனால், நான் பேச வந்தது பரிசுப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு மாணவனைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவன் வெட்கப்படுவான். வெட்கப்பட வேண்டியவன் அவன் அல்லன், நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

காம்பாரிலிருந்து பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு ஒரு சதுரங்கப் போட்டிக்குப் போயிருந்தோம். சதுரங்கம் தெரியாத பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகைக்குப் பக்கத்தில் இரட்டைக் கடிகாரம் ஒன்று இருக்கும். காயை நகர்த்தியதும் நாம் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் நம் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். அழுத்த மறந்தால் நம் நேரம்தான் கரைந்துகொண்டே போகும். நேரம் தீர்ந்தால், பெரும்பாலும் ஆட்டமே போய்விடும்.

கடைசிச் சுற்று. நம் பையன் வென்றால் கேடயம். எதிரே ஒரு சீனப் பையன், கெட்டிக்காரன். ஆனால் படபடப்பில் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டான். நம் பையன் அதைப் பார்த்தான். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். எதிராளிக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று விதியில் எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் நம்ம பையன் என்ன செய்தான் தெரியுமா? விரலால் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினான். அந்தப் பையன் திடுக்கிட்டு அழுத்தினான். அதன் பிறகு ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டான்.

திரும்பி வரும்போது, கோப்பெங் தாண்டும் வரைக்கும் நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். "உன்னை யாருடா தர்மம் பண்ணச் சொன்னது? நமக்கு யாராவது விட்டுக்கொடுக்கிறார்களா?" என்று கேட்டேன். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் பேசவே இல்லை.

மறுநாள் அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள்: "வாத்தியாரே, பக்கத்து நெரக்காரி அவசரத்துல மரத்தைச் சீவிட்டு, மங்க நிமித்தி வைக்காமப் போயிடுவா. பாலு தரையில சொட்டும். அந்தப் பக்கம் போறவங்க நிமித்தி வச்சிட்டுத்தான் போவோம். அதனால என் பாலு கொறஞ்சிடாது. அவ அசந்ததுல எனக்கு என்ன பெருமை?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிய எனக்கு, பள்ளிக்கூடமே போகாத பாட்டி பாடம் நடத்திவிட்டார்கள். அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதிராளியின் தவறு நமக்கு எப்போது நியாயமாகச் சொந்தம்? எப்போது இல்லை?

2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூர். சென்னைத் தமிழ்ச் சமூகம் கொண்டாடிய இளைஞர் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில் மோதினார்கள். அதுவரை இருவரும் ஆறரைப் புள்ளிகளுடன் சமம். அந்த ஆட்டமும் சமனில் முடியும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைக் கண்டுபிடித்தார், வென்றார். 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனார்! அவர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமா? கூடவே கூடாது. யார் நன்றாக யோசிக்கிறார் என்பதற்குத்தானே அந்தப் போட்டி? யோசனையில் வந்த பிழையைப் பிடிப்பதுதான் ஆட்டம். விட்டுக்கொடுத்தால் அது எதிராளியை அவமதிப்பதாகும்.

கிரிக்கெட்டில் இன்னொரு கதை. பந்து வீசும் முன்பே கோட்டை விட்டு வெளியே போகும் மட்டையாளரை, பந்து வீசுபவர் ரன் அவுட் செய்யலாம். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நம் தமிழர் அஸ்வின் இங்கிலாந்தின் பட்லரை அப்படித்தான் வெளியேற்றினார். உலகமே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 2022இல் அந்த விதியை, முறையற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்துவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், அஸ்வின் மேல் குற்றம் இல்லை. முன்கூட்டியே வெளியே போகிறவர் அசட்டையால் லாபம் அடைகிறார். ஓட வேண்டிய தூரம் அவருக்குக் குறைகிறது.

ஆனாலும் 1987 உலகக் கோப்பையில், லாகூரில், மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ் கடைசிப் பந்தை வீச வந்தபோது, பாகிஸ்தானின் சலீம் ஜாஃபர் கோட்டை விட்டு வெளியே நின்றார். வால்ஷ் அவரை எச்சரித்துவிட்டு, அவுட் செய்யாமல் திரும்பிப் போனார். அவர் அணி தோற்றது, அரையிறுதிக்கும் போகவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தத் தோல்வியை மரியாதையோடு பேசுகிறோம்.

நம் பையனின் கடிகாரத்துக்கு வருவோம். மறந்தவனுக்கு அதில் லாபம் இல்லை, நஷ்டம்தான். அவன் மறந்தது யோசனையில் வந்த பிழையும் அல்ல, வெறும் கைத்தவறு. பாட்டி சொன்ன கவிழ்ந்த மங்கு அதுதான்.

அதற்காக, சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஏமாற்றுக்காரன் என்று சொல்லாதீர்கள். விதிக்குள் ஆடுகிறவன் திருடன் அல்லன். சொல்லாதவனைத் திட்டக் கூடாது. சொன்னவனைத் திட்டியது அதைவிடப் பெரிய தவறு. அந்தத் தவறைத்தான் நான் செய்தேன்.

"இப்படி வளர்த்தால் பிள்ளை பிழைக்குமா சார்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. படித்துப் பார்க்காமல் கைரேகை வைத்து ஏமாந்தவர்களின் கதை நம் குடும்பங்களில் எத்தனை! ஆகவே, பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம். உன் கடிகாரத்தை நீ மறக்காமல் அழுத்து, எந்தத் தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, அசந்து போகாதே. அதே சமயம், அடுத்தவன் அசந்துபோன இடத்தில் உன் திறமையைக் காட்டியதாக நினைத்துக்கொள்ளாதே. முதலாவது பிழைக்கும் வழி. இரண்டாவது மனிதனாக இருக்கும் வழி. ஒன்றுக்கொன்று பகை இல்லை.

என் மாணவனே, நீ இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய். அன்று வேனில் உன்னிடம் சொன்ன சொற்களை, உன் பாட்டி முன்னிலையில், இந்த மேடையிலேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு. அடுத்த போட்டிக்கு இன்னும் நன்றாகப் பயிற்சி செய்வோம். கேடயத்தை ஆடி ஜெயித்து வாங்குவோம்.