பதிவேட்டிலே ஒரு கையெழுத்து

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்துவிட்டு, இங்கே பக்ரறியில் இரவு வேலை செய்கிறவன். ஆனாலும் எங்கள் ஆலோசனை மேசையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

முதுகு நோவால் வேலைக்குப் போகாமல் இருந்தபோது, உதவிப்பணம் நிறுத்தப்பட்டதாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. மீளாய்வு கேட்க ஒரு மாதம்தான் தவணை என்பது எனக்கு விளங்கவில்லை. 22 நாள் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சங்கத்து அக்கா பார்த்தவுடனே, "தம்பி, இன்னும் எட்டு நாள் இருக்கு, இதிலே இரும்" என்று சொல்லி எழுதித் தந்தா. பணம் திரும்பக் கிடைத்தது.

"சொலிசிட்டரிடம் போகலாமே" என்று சிலர் கேட்பார்கள். 2013 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உதவிப்பணம், கடன், வேலைப் பிரச்சினை போன்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இல்லை. அகதி வழக்குக்கு இருக்கிறது. ஆனால் அந்த வழக்குகளைப் பார்த்த இரண்டு பெரிய நிறுவனங்கள் 2010இலும் 2011இலும் மூடுப்பட்டுப் போயின.

"இங்கிலிஷ் தெரிந்த பொடியள் செய்யலாம்தானே" என்பார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடிவரவு ஆலோசனையைத் தகுதி பெற்றுப் பதிந்தவர்கள்தான் கொடுக்கலாம். மற்றவர்கள் கொடுத்தால் குற்றம். பயிற்சி, காப்புறுதி, வாடகை எல்லாத்துக்கும் காசு வேண்டும்.

அந்தக் காசைக் கவுன்சில் மானியமாகத் தந்தது. போன வருடம் குறைத்துப் போட்டார்கள். மூன்று நாள் திறந்த மேசை இப்ப ஒரு நாள். சொன்ன காரணம், வருகிற ஆட்களின் தொகை குறைவாம்! வாசலில் நிற்கிற வரிசை எங்களுக்குத் தெரியும். ஆனால் பிழை எங்களிலும் இருக்கு. வருகிறவர்களில் பலர் பதிவேட்டில் பெயர் எழுதுவதில்லை. ஊரில் பெயர் பதிந்து பட்ட பாட்டினால் வந்த பயம் அது. நானும் அன்றைக்குக் கையெழுத்து வைக்கவில்லை. ஆகவே கவுன்சிலின் கணக்குப்படி நான் அங்கே வரவேயில்லை.

பதிவேடு பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. கவுன்சிலுக்குப் போவது தொகை மட்டும்தான், பெயர் அல்ல. தயவுசெய்து கையெழுத்து வையுங்கள். உங்கள் கவுன்சிலருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நாங்களும் வரி கட்டுகிற சனங்கள், கேட்பது பிச்சை இல்லை.

வருகிற புத்தாண்டுக்குக் கைவிசேஷம் வாங்குகிற கையாலேயே அந்தக் கடிதத்தையும் எழுதிப் போடுங்கள்.