ஆறுதல் வார்த்தையும் ஆலை நியாயமும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பெரிய கம்பெனிகள் பலவற்றின் நோட்டீஸ் பலகையில் இன்று ஒரு காகிதம் தொங்குகிறது. மனக்கவலையா, கடன் தொல்லையா, குடிப்பழக்கமா, வீட்டில் சச்சரவா, இந்த எண்ணில் பேசுங்கள், இலவசம், ரகசியம் என்று அது சொல்கிறது. தொழிலாளர் உதவித் திட்டம் என்பது இதன் பெயர்.

முதலாளிக்கு இரக்கம் பிறந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இது வேவு பார்க்கும் தந்திரம், கிட்டப் போகாதே என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் அவசர முடிவு. முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

நிர்வாகம் வெளியே உள்ள ஓர் ஆலோசனைக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறது. தொழிலாளியும், பெரும்பாலும் அவர் குடும்பத்தாரும், சில தடவைகள் ஆலோசகரிடம் இலவசமாகப் பேசலாம். அதற்கு மேல் சிகிச்சை தேவையென்றால் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுவார்கள். அந்தச் செலவு பொதுவாக இதில் சேராது. எத்தனை பேர் பேசினார்கள், என்ன வகைப் பிரச்னை என்ற மொத்தக் கணக்குதான் நிர்வாகத்துக்குப் போகவேண்டும். பெயர் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமைகளில்தான் ரகசியம் விலகும்.

தொழிலாளி தானாகப் போவது ஒரு வழி. "உன் வேலை சரியில்லை, ஆலோசகரைப் போய்ப் பார்" என்று மேலதிகாரி அனுப்புவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில்தான் விழிப்பு வேண்டும். ஆலோசனைக்கு வந்தாரா இல்லையா என்பதை நிர்வாகத்துக்குச் சொல்லலாம் என்று அப்போது கையெழுத்துக் கேட்பதுண்டு. படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடவேண்டாம். படிக்கத் தெரியாதவர் சங்கத் தோழரைக் கூப்பிடட்டும்.

இந்தத் திட்டம் பிறந்த இடம் அமெரிக்கா. 1940-களில் டூபாண்ட், ஈஸ்ட்மன் கோடக் போன்ற கம்பெனிகள் குடிப்பழக்கத்தில் விழுந்த தொழிலாளர்களுக்காக இவ்வகை ஏற்பாடுகளைத் தொடங்கின. தேர்ந்த கைகளை இழந்து புதிய ஆளைப் பழக்குவதைவிடப் பழைய ஆளைத் திருத்துவது லாபம். இரக்கத்தோடு இந்தக் கணக்கும் இருந்தது.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்று நமக்குப் பெரிய பாடம். சிக்காகோ நகரை ஒட்டிய ஹாதார்ன் என்ற டெலிபோன் கருவித் தொழிற்சாலையில் 1936-ல் முழுநேர ஆலோசகர்களை நியமித்தார்கள். அவர்கள் தொழிலாளியின் குறையைப் பொறுமையாகக் கேட்கவேண்டும், வாதாடக் கூடாது, கேட்டதை மேலதிகாரியிடம் சொல்லக் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கூலி குறைவு என்றாலும் கேட்பார்கள், மேஸ்திரி கொடுமை என்றாலும் கேட்பார்கள். கேட்டதோடு சரி. இருபது ஆண்டுகள் நடந்து 1956-ல் அது முடிந்துபோயிற்று.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் அமுலாயிற்று. 1955-ல் கோயம்புத்தூருக்கு வந்தது. அதில் நம் பணமும் இருக்கிறது, முதலாளியின் பங்கும் இருக்கிறது. குறை இருந்தால் அதட்டிக் கேட்கலாம், அது உரிமை. ஆலோசனைத் திட்டமோ நிர்வாகம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

அப்படியானால் ஒதுக்கிவிடலாமா? கூடாது, தோழர்களே! மனம் உடைந்து நிற்கும் தோழருக்கு ஆலோசகரின் ஒரு மணி நேரம் உயிரையே காப்பாற்றலாம். ஆலோசனை கேட்பது அவமானமில்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே ஏற்றிருக்கிறது.

வயலில் உழைக்கும் தோழர்களுக்கு நோட்டீஸ் பலகையும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. கடன்காரன் வாசலில் நின்றுவிட்டுப் போன இரவில் யாரிடம் பேசுவது? 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண் 14416. இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைச் சேரிதோறும் சுவரில் எழுதி வைப்போம்.

ஆலையில் நாம் கேட்கவேண்டியவை நான்கு. ரகசிய விதிகளை ஒப்பந்தத்தில் எழுதித் தமிழில் ஒட்டவேண்டும். காண்டிராக்ட் தொழிலாளரையும் சேர்க்கவேண்டும். ஆலோசகருக்குச் சென்றதைக் காட்டி யாரையும் தண்டிக்கக் கூடாது. பெயரில்லாத அந்த மொத்தக் கணக்கைச் சங்கத்தின் முன்னும் வைக்கவேண்டும்.

கடைசிக் கோரிக்கையே முக்கியம். தூக்கமில்லை என்று நூறு பேர் சொன்னால் அது நூறு பேரின் மனக்கோளாறு அல்ல. இரவு ஷிப்டின் கோளாறு. கடன் தொல்லை என்று நூறு பேர் சொன்னால் அது கூலியின் கோளாறு. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்தோடு பேசவேண்டியது சங்கம்.

ஆறுதல் தேவைப்படும் தோழர் ஆலோசகரிடம் போகட்டும். நியாயத்துக்கு நாம் எல்லோரும் ஒன்றாகப் போவோம்!