கப்பல்காரர் திகதி மாற்றச் சொன்னால்



2024ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி முதல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘சிவகங்கை’ என்ற பயணிகள் கப்பல் ஓடும் என்று அறிவித்தார்கள். முற்பதிவும் தொடங்கியது. பிறகு 13 என்பது 17 ஆனது. 17 என்பது 19 ஆனது. கடைசியில் கப்பல் புறப்பட்டது ஓகஸ்ட் 16ஆம் திகதி. முதல் ஒத்திவைப்பு வந்தபோது, பணம் கட்டியிருந்தவர்களுக்கு இரண்டு வழி சொல்லப்பட்டது. வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது முழுப்பணத்தையும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிநொச்சியிலிருந்து அந்தக் கப்பலுக்குப் போகிறவரின் கணக்கு வேறு. ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து காங்கேசன்துறைக்கு என்று மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு வான் பிடிக்கவேண்டும். இந்திய விசா எடுத்திருப்பார். வேளாங்கண்ணியிலோ சிதம்பரத்திலோ அறைக்கு முற்பணம் கொடுத்திருப்பார். வேலையில் லீவு கேட்டிருப்பார். கப்பல் கட்டணம் ஒரு சதம் குறையாமல் திரும்பி வந்தாலும், இந்தச் செலவுகளை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கப்பல்களுக்கு இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டு முடியும் முன்பே நின்றுபோனது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி ‘செரியபாணி’ நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. வடகீழ்ப் பருவமழை நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் அந்தப் பருவத்தின் சேவை முடிந்தது. இடையில், 2023 ஜூனில், சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கே வந்து நின்றது. அதுவரை கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் மட்டும் பார்த்த மாதிரிக் கப்பல் நம்முடைய கரைக்கே வந்தது.

இன்று வன்னியில் பல வீடுகளுக்கு உல்லாசக் கப்பல் தொலைதூரக் கதையல்ல. ரொறொன்ரோவில் இருக்கும் மகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, மியாமியிலிருந்து ஏழு நாள் பயணம் பதிவு செய்கிறாள். பாரிஸில் இருக்கும் மருமகன் மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் ஒழுங்கு செய்கிறார். ஆறேழு மாதம் காத்திருந்த பிறகு, புறப்படச் சில வாரங்களோ சில நாட்களோ இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் பயணத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் பதிவு செய்துவிட்டார்கள். நீங்கள் திகதி மாற்றினால், அல்லது கபின் மாற்றினால், உங்களுக்கு இன்னின்ன சலுகை.’ இதுதான் அதன் சாரம்.

அதிகம் பேர் பதிவு செய்தது எப்படி? கப்பலில் எத்தனை கபின் என்பது கட்டும்போதே தெரிந்த எண்ணிக்கை அல்லவா?

தெரிந்ததுதான். ஆனால் உல்லாசக் கப்பலை ஒரு வருடம், ஒன்றரை வருடம் முன்பே விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் ஒரு சிறு முற்பணம்தான். மீதிப் பணத்தைப் புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு முன் கட்டினால் போதும். அந்தக் கெடு வரும்போது ஒரு பகுதியினர் விலகிவிடுவார்கள். எத்தனை பேர் விலகுவார்கள் என்று கம்பனி பழைய கணக்கை வைத்து ஊகித்து, அந்த அளவுக்குக் கூடுதலாக விற்கிறது. ஊகம் பிசகி, எல்லோரும் பணத்தைக் கட்டிவிட்டால் கபின் போதாது. போதாக்குறைக்கு, கபின் இலக்கம் குறிக்காமல் வகையை மட்டும் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கும் முறையும் உண்டு. ‘பல்கனி வைத்த ஒரு கபின் நிச்சயம், எது என்று பிறகு சொல்கிறோம்’ என்பார்கள். மாற்றங்கள் முதலில் விழுவது பெரும்பாலும் இப்படி இலக்கம் இல்லாமல் வாங்கியவர்கள் தலையில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதற்பயணம் போன ‘ஐக்கன் ஒஃப் த சீஸ்’ கப்பலைப் பாருங்கள். 2,805 கபின். ஒரு கபினுக்கு இரண்டு பேர் என்றால் 5,610 பயணிகள். ஆனால் அந்தக் கப்பல் அதிகபட்சம் 7,600 பயணிகள் வரை ஏற்றலாம். பல கபின்களில் சோபாவை விரித்தால் கட்டில், மேலே இருந்து இறக்கினால் இன்னொரு கட்டில். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு குடும்பங்கள் ஏறும்போது தலைக்கணக்கு வேகமாகக் கூடும். உயிர்காப்புப் படகுகளில் எத்தனை பேருக்கு இடமோ, அதற்கு மேல் ஒருவரையும் ஏற்ற முடியாது. ‘டைட்டானிக்’ மூழ்கிய பிறகு, 1914இல் பிறந்த சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின் வழிவந்த கண்டிப்பு அது. அதனால் கபின் காலியாக இருந்தும் ஆள் ஏற்ற முடியாத நிலை வரும். அப்போது நான்கு பேர் இருக்கும் கபினைக் காலி செய்யக் கம்பனி கூடுதலாகவே கொடுக்கத் தயாராக இருக்கும். ஒரு கபின் போனால் நான்கு தலை குறையும்.

சலுகை கொடுத்து ஆளை விலக்கும் இந்த யோசனை விமானத்தில் இருந்து வந்தது. 1968இல் ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு வழி சொன்னார். இடம் போதாதபோது கம்பனியே யாரையாவது பார்த்து இறக்கிவிடக் கூடாது. எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்தில் போவீர்கள் என்று பயணிகளிடமே கேட்க வேண்டும். மிகக் குறைவாகக் கேட்டவருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்து அனுப்ப வேண்டும். விமானக் கம்பனிகள் பத்து வருடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970களின் கடைசியில் அமெரிக்க அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்த ஏலத்தை அரைகுறையாக நடத்தினால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரல் 9ஆம் திகதி சிக்காகோ விமான நிலையத்தில் உலகம் பார்த்தது. யுனைட்டட் விமானம் ஒன்றில் ஊழியர் நான்கு பேருக்கு இடம் தேவைப்பட்டது. 400 டொலர் வவுச்சர் என்றார்கள். பிறகு 800 என்றார்கள். யாரும் எழும்பவில்லை. தொகையை மேலும் கூட்டுவதை விட்டுவிட்டு, ஆட்களைத் தெரிவு செய்து இறங்கச் சொன்னார்கள். மறுத்த 69 வயது மருத்துவர் ஒருவரைப் பாதுகாப்பு அலுவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காணொளி பரவிய சில வாரங்களில், அதே கம்பனி தானாக விலகும் பயணிக்கு 10,000 டொலர் வரை கொடுக்கலாம் என்று உச்சத்தொகையை உயர்த்தியது.

முதலில் சொல்லும் தொகை கடைசித் தொகை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

விமானப் பயணிக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. விருப்பமில்லாமல் இறக்கிவிட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தில் தூரத்தைப் பொறுத்து 250, 400, அல்லது 600 யூரோ. கனடாவில், எத்தனை மணி நேரம் பிந்திப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து 900 முதல் 2,400 கனடிய டொலர் வரை. இந்தியாவில், மாற்று விமானம் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தால் 10,000 ரூபாய் வரை, அதற்கும் பிந்தினால் 20,000 ரூபாய் வரை. உல்லாசக் கப்பலுக்கு இப்படித் தொகை குறித்த பட்டியல் இல்லை. பயணச்சீட்டோடு வரும் ஒப்பந்தத்தில், யாரும் வாசிக்காத சிறிய எழுத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் சட்டம். பிரித்தானியாவில் பொதிப் பயணமாக வாங்கியவருக்கு 2018ஆம் ஆண்டின் விதிகள் ஓரளவு கைகொடுக்கும். பயணத்தின் முக்கிய அம்சத்தைக் கம்பனி கணிசமாக மாற்றினால், தண்டம் இல்லாமல் விலகி முழுப்பணத்தையும் கேட்கலாம்.

ஆகவே அந்த மின்னஞ்சலை எப்படி வாசிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வீட்டுப் பேச்சைக் கற்பனை செய்து பார்ப்போம். வட்டக்கச்சியில் இருக்கும் தாய்க்கு ரொறொன்ரோவிலிருந்து மகள் எடுக்கிறாள்.

“அம்மா, கப்பல்காரர் திகதி மாத்தச் சொல்லிக் கேக்கினம். ரெண்டு கிழமை பிந்திப் போனா ஆளுக்கு 250 டொலர் தருவினமாம். ஓமெண்டு சொல்லட்டே?”

“காசாத் தருவினமோ பிள்ளை, இல்லாட்டி கப்பலுக்குள்ள செலவழிக்கவோ?”

தாய் கேட்டதுதான் முதற்கேள்வி. சலுகை மூன்று வடிவில் வரும். கையில் வரும் பணம் ஒன்று. கப்பலுக்குள் மட்டும் செலவழிக்கக்கூடிய வரவு இன்னொன்று. அடுத்த பயணத்துக்கு மட்டும் பாவிக்கக்கூடிய வரவு மூன்றாவது. மூன்றாவதற்குப் பெரும்பாலும் காலாவதித் திகதி இருக்கும், வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. திரும்பக் கனடா வருவோமோ என்றே தெரியாத எழுபது வயதுத் தாய்க்கு அடுத்த பயண வரவு ஒரு கடதாசித் துண்டு. ஒவ்வொரு வருடமும் கப்பலில் போகும் மகளுக்கு அதுவே நல்ல பணம். ஒரே சலுகைக்கு ஒரே வீட்டிலேயே இரண்டு பெறுமதி.

இரண்டாவது கேள்வி விசா. திகதி மாறினால் பாதையும் மாறலாம். ஐரோப்பாவின் செங்கன் விசாவில் ஒருமுறை நுழைவு மட்டும் இருந்தால், துருக்கிக்கோ மொரோக்கோவுக்கோ போய் இத்தாலிக்குத் திரும்பும் கப்பலில் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஏற முடியாது. பழைய பாதையில் அந்தத் துறைமுகம் இல்லாதிருந்திருக்கும். விசா முடியும் திகதிக்கு ஒரு நாள் பிந்திக் கப்பல் கரைசேர்ந்தாலும் பயணமே போச்சு. ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. ஊரிலிருந்து போகிறவர்தான் கேட்கவேண்டும்.

மூன்றாவது, விமான ரிக்கெற்றும் ஹோட்டலும். அவற்றை மாற்றும் தண்டத்தைக் கம்பனி கொடுக்குமா? எழுத்தில் தருமா? பயணக் காப்புறுதி இருக்கிறதே என்று இருந்துவிடவும் கூடாது. கம்பனி கேட்டு நாமாக விரும்பி மாற்றினால், வழமையான காப்புறுதி அந்தச் செலவைக் கொடுக்காது.

கபின் மாற்றுவது இதைவிடச் சுலபமாகத் தோன்றும். ‘கட்டணம் இல்லாமல் உயர்வகைக் கபின்’ என்றதும் மனம் மகிழும். ஆனால் கபினின் பெறுமதி அதன் வகையில் மட்டும் இல்லை, அது இருக்கும் இடத்திலும் இருக்கிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு. முன்முனையில் மேல்தட்டில் அதிகம். கடல் ஒத்துக்கொள்ளாதவருக்கு, பல்கனியோடு முன்முனையில் கிடைக்கும் கபினை விட, நடுவில் இருக்கும் யன்னல் இல்லாத கபின் எவ்வளவோ மேல். நீச்சற்குளத் தட்டுக்கு நேர்கீழே என்றால் விடியற்காலையில் கதிரை இழுக்கும் சத்தம். நடன மண்டபத்துக்கு மேலே என்றால் நடுச்சாமம் வரை பாட்டு. கடல் தெரியும் என்று சொன்ன யன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கலாம். முழங்கால் நோவுள்ள தகப்பனுக்கு லிப்ட் எத்தனை அடி தூரம் என்பது பல்கனியை விட முக்கியம். புதிய கபினின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கப்பலின் தட்டு வரைபடத்தில் மேலே, கீழே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே ஓம் சொல்ல வேண்டும்.

சலுகை வேண்டாம் என்றால் பேசாமல் இருக்கலாம். அது வேண்டுகோளாக வந்தால், பதில் சொல்லாதவரின் பதிவு அப்படியே நிற்கும். கட்டாய மாற்றம் என்றால் மின்னஞ்சலின் மொழியே வேறாக இருக்கும். முழுக் கப்பலையும் யாரோ வாடகைக்கு எடுத்துவிட்டால் அப்படி நடப்பதுண்டு. அப்போது பணத்தைத் திரும்பக் கேட்பதோடு நிற்காமல், விமானச் செலவையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இரண்டு வகைக்கும் ஒரு நடைமுறை பொருந்தும். தொலைபேசியில் பேசினாலும், ஒப்புக்கொண்டதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்வது.

நம்முடைய பாக்கு நீரிணைக்குத் திரும்புவோம். 2025 பெப்ரவரியிலும் சேவை மறுபடி தொடங்கும் திகதி காலநிலையால் தள்ளிப்போய், 22ஆம் திகதியே கப்பல் ஓடியது. மழையையும் காற்றையும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தள்ளிவைக்கும்போது பயணிக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஐரோப்பாவில் 2010ஆம் ஆண்டின் 1177ஆம் இலக்க விதி அதைச் செய்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் புறப்பாடு பிந்தினால் அல்லது கப்பல் ரத்தானால், மாற்றுப் பயணமா பணமா என்று பயணியே தெரிவு செய்யலாம். பணம் என்றால் ஏழு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். நான்கு மணி நேரம் வரையான பயணத்தில் ஒரு மணி நேரம் பிந்திக் கரைசேர்ந்தால் கட்டணத்தின் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் 50 சதவீதம். மோசமான காலநிலை என்றால் அந்த இழப்பீடு இல்லை. அதுவும் நியாயமே. நாகபட்டினம்–காங்கேசன்துறைப் பயணமும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். அளவு எடுத்துத் தைத்ததுபோல் இந்த விதி நமக்குப் பொருந்தும்.

கப்பல் சேவைக்கு இரண்டு நாட்டு அரசுகளும் முன்னின்று ஆதரவு கொடுக்கின்றன. அனுமதி கொடுக்கும்போதே இப்படியொரு விதியையும் சேர்த்துவிட இரண்டு பக்கத்துக்கும் கடினமில்லை. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போகும் மக்களின் பிரதிநிதிகள் அதைக் கேட்க வேண்டும். அதுவரை, பணம் கட்டிய பற்றுச்சீட்டு, கப்பல்காரரின் குறுந்தகவல், ஹோட்டல் முற்பணச் சிட்டை எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வைத்திருங்கள். கடனட்டையில் கட்டியிருந்தால், கிடைக்காத சேவைக்கான பணத்தை மீட்டுத்தரும்படி வங்கியிடமும் முறையிடலாம். இலங்கையில் வாங்கிய சேவை என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடும் இலக்கம் 1977.